நைட் டூட்டி முடித்து வந்தும் பகலில் தூக்கம் நிற்காத செவிலியர்கள்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

#1 ஐசியு_இரவு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஐசியுவில் சுழற்சி முறையில் நைட் பார்க்கிறேன். காலையில் ஹேண்டோவர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது கண் எரியும், கால் கடுக்கும். படுத்ததும் தூக்கம் வந்துவிடும். ஆனால் பதினொன்று, பதினொன்றரைக்கெல்லாம் விழிப்பு தட்டிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு புரண்டாலும் தூக்கம் கிடையாது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும், மூளை மட்டும் விழித்திருக்கும். மதியம் மூன்று மணி வாக்கில் மறுபடி கண் சொக்கும். அதற்குள் வீட்டு வேலை தலைக்கு மேல் வந்துவிடும்.

ஆஃப் கிடைத்தால் சரியாகும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஆஃப் அன்று நள்ளிரவு தாண்டியும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கிறேன்.

எனக்குக் கவலை தருவது அதிகாலை நேரம்தான். போன வாரம் ஒரு நைட், நாலரை மணி இருக்கும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் தீரப் போகிறது, புதிதாகக் கலந்து மாற்ற வேண்டும். ஆர்டரில் இருக்கும் அளவைப் படிக்கிறேன். பம்பில் ஓடும் எண்ணைப் பார்க்கிறேன். மறுபடி ஆர்டருக்கு வந்தால் முதலில் படித்தது நினைவில் நிற்கவில்லை. பக்கத்துப் படுக்கை சிஸ்டரைக் கூப்பிட்டு, "நீ வாய்விட்டுப் படி, நான் கணக்குப் போடுகிறேன்" என்று சொல்லி, இருவருமாகச் சரிபார்த்து மாற்றினோம். எதுவும் தவறவில்லை. ஆனால் அந்த நேரத்தில் தலைக்குள் இருந்த மூட்டத்தை நினைத்தால் இப்போதும் கலக்கமாக இருக்கிறது. பகல் டூட்டியில் இதே கணக்கை நின்ற இடத்திலேயே போட்டுவிடுவேன்.

மொபைலைத் தள்ளி வைப்பது, குளித்துவிட்டுப் படுப்பது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பல வருடம் நைட் பார்த்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இது ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

#2 வார்டு_ஏழு

அதே பதினொன்றரை. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். இழையைப் பின்தொடர்கிறேன்.

#3 மூத்த_சிஸ்டர்

நாலரை மணிக்கு இன்னொருவரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னீர்களேம்மா, அதை எந்த நைட்டிலும் விடாதீர்கள். எங்கள் வார்டில் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை ஊசி மருந்து எதையும் ஒருவர் தனியாகச் சரிபார்ப்பதில்லை என்று நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆள் குறைவான நைட்டிலும் அதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

தூக்கத்துக்கு வருவோம். நான் பார்த்தவரை பகல் தூக்கத்தை முதலில் கெடுப்பது, "இந்த ஒரு வேலையை முடித்துவிட்டுப் படுக்கலாம்" என்ற நினைப்பு. துணி, வங்கி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டியவர் பதினொன்றுக்குப் படுப்பார். அப்போது தூக்கம் போன இடம் தெரியாது. வெளி வேலை அத்தனையும் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். வீட்டுக்கு வந்தால் பசி அடங்கக் கொஞ்சம் சாப்பிட்டு, குளித்து, நேரே படுக்கை.

அறை நன்றாக இருட்டாக வேண்டும். திரைச்சீலை போட்டிருக்கிறேன் என்பார்கள். போய்ப் பார்த்தால் திரையின் இரண்டு ஓரத்திலும் மேல் கம்பியிலும் வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடியிலேயே கறுப்புத் தாளை ஒட்டிவிடுங்கள், அல்லது தடித்த துணியைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிடுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாது என்றால் நல்ல கண்பட்டி. சத்தத்துக்குக் காதடைப்பான், கூடவே ஓடும் ஃபேன். ஒரே சீராக வரும் சத்தம் மற்ற சத்தங்களை அமுக்கிவிடும்.

#4 உடலியங்கியல்_டீச்சர்

நர்சிங் கல்லூரியில் உடலியங்கியல் எடுக்கிறேன், அதற்கு முன் நானும் வார்டில் நைட் பார்த்தவள்தான். ஏன் பதினொன்றரைக்கு விழிப்பு வருகிறது என்று சொல்கிறேன்.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஒன்று தூக்க அழுத்தம். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட அதுவும் ஏறும். மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வது இதில் பெரிய பங்கு. இன்னொன்று உடல் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னப் பகுதி அது. இந்த இரண்டையும் இணைத்து அலெக்சாண்டர் போர்பேலி 1982-ல் வைத்த விளக்கம்தான் இன்றும் பாடத்தில் இருக்கிறது.

இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த உங்களுக்குத் தூக்க அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அதனால்தான் படுத்ததும் தூக்கம். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தின் ஆழ்ந்த தூக்கத்தில் அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். அதே நேரத்தில் கடிகாரம் வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. உடல் வெப்பம் ஏறுகிறது, இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் அடங்கிவிட்டது, "பகல் வந்துவிட்டது, எழுந்திரு" என்கிறது. அழுத்தம் இறங்கி, கடிகாரம் ஏறி, இரண்டும் ஒன்றையொன்று தாண்டும் இடம்தான் உங்கள் பதினொன்றரை. பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடச் சில மணி நேரம் குறைவாகவே அமைவது இதனால்தான். நாலரை மணி மூட்டமும் இதே கணக்குதான். உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து கிடக்கும் நேரம் அது, விழிப்புணர்வும் அப்போதுதான் தரையைத் தொடும். உங்கள் கணக்குத் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மதியம் மூன்று மணிக்குக் கண் சொக்குகிறது என்றீர்கள் அல்லவா? அது உங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாசல். பிற்பகலில் கடிகாரம் இயல்பாகவே கொஞ்சம் தளரும். காலையில் கிடைத்த மூன்று, மூன்றரை மணி நேரத்தோடு, மதியம் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் இரண்டு துண்டாக இருப்பதில் பெரிய தவறில்லை. பதினொன்றரைக்கு எழுந்தபின் "தூங்கியே ஆக வேண்டும்" என்று படுக்கையில் போராடுவதுதான் கெடுதல்.

#5 ஐசியு_இரவு

டீச்சர், மிக்க நன்றி. அப்படியானால் நிரந்தரமாக நைட்டே கேட்டு வாங்கிக்கொண்டால் கடிகாரம் திரும்பிவிடுமா? எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அதைத்தான் சொல்கிறார்: "மாறி மாறிப் பார்ப்பதால்தான் இந்தக் கஷ்டம், ஒரேயடியாக நைட்டுக்கு வந்துவிடு, பழகிவிடும்."

#6 உடலியங்கியல்_டீச்சர்

பெரும்பாலானவர்களுக்குப் பழகாது. நிரந்தர நைட் பார்ப்பவர்களின் மெலடோனின் சுழற்சியை அளந்த ஆய்வுகளைத் தொகுத்து சைமன் ஃபோல்கார்ட் 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார். கடிகாரம் முழுமையாகத் திரும்பியவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. பலன் தெரியும் அளவுக்காவது நகர்ந்தவர்கள் நாலில் ஒருவருக்கும் குறைவு. காரணம் எளிது. காலையில் வீடு திரும்பும்போது கண்ணில் படும் வெயில் கடிகாரத்தை மறுபடி பகலுக்கு இழுத்துவிடுகிறது. ஆஃப் நாளில் நாமே வீட்டோடு சேர்ந்து பகல் வாழ்க்கைக்குப் போய்விடுகிறோம்.

#7 நிரந்தர_நைட்

நான் விரும்பி நைட்டில் இருப்பவள், என் அனுபவம் கொஞ்சம் வேறு. எனக்கு இது ஒத்துக்கொண்டது. ஆனால் அதற்கு நான் கொடுக்கும் விலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆஃப் நாளில் நான் பத்து மணிக்குப் படுப்பதில்லை. விடியற்காலை மூன்று மணி வாக்கில் படுத்து மதியம் வரை தூங்குவேன். டூட்டி நாளில் காலை எட்டரைக்குப் படுத்து மூன்று மணி வரை. ஆக, டூட்டியோ ஆஃபோ, எட்டரையிலிருந்து மதியம் வரை நான் தூக்கத்தில்தான் இருப்பேன். வீட்டில் யாரும் அந்த நேரத்தில் என்னை எதிர்பார்ப்பதில்லை. காலை நேர விசேஷம் எதற்கும் நான் போவதில்லை. இது எல்லோருக்கும் முடியாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சுத்தமாக முடியாது. என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நான் சின்ன வயதிலிருந்தே இரவில் சுறுசுறுப்பாக இருப்பவள். இரண்டும் சேர்ந்ததால் நடக்கிறது.

#8 உடலியங்கியல்_டீச்சர்

நிரந்தர_நைட் சொன்னது அருமையான எடுத்துக்காட்டு. ஷார்மேன் ஈஸ்ட்மன் என்ற ஆய்வாளரின் குழு கிட்டத்தட்ட இதே அட்டவணையைத்தான் பரிசோதித்தது. கடிகாரத்தை முழுக்கத் திருப்பாமல் பாதி வழியில் நிறுத்துவது. உடல் வெப்பம் தாழும் நேரத்தை அதிகாலையிலிருந்து காலை பத்து மணி வாக்குக்குத் தள்ளிவிட்டால், டூட்டியிலும் தூங்கி வழிய மாட்டோம், பகலிலும் தூங்கலாம், ஆஃப் நாளிலும் பிற்பகலும் மாலையும் குடும்பத்தோடு இருக்கலாம். அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவி வெளிச்சம்தான். டூட்டியின் முற்பாதியில் நல்ல வெளிச்சம், வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கும் அறை கும்மிருட்டு. விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி உள்ள சில செல்கள் வெளிச்சத்தின் அளவைக் கடிகாரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன, அதிலும் சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளிக்கு அவை மிகவும் கூர்மை. காலை வெயிலில் அது தாராளமாக இருக்கிறது.

தவிர, காலையில் நாலு மணி நேரமாவது எல்லா நாளும் ஒரே நேரத்தில் தூங்குவது கடிகாரத்தை நிலையாகப் பிடித்துவைக்கும் என்று மைனர்ஸும் வாட்டர்ஹவுஸும் 1981-லேயே காட்டினார்கள். நங்கூரத் தூக்கம் என்று அதற்குப் பெயர்.

ஒன்று கவனியுங்கள். இது தொடர்ந்து பல நைட் பார்ப்பவர்களுக்கு. இரண்டு நைட் பார்த்துவிட்டு உடனே பகலுக்குத் திரும்புகிறவர்கள் கடிகாரத்தை நகர்த்தவே முயல வேண்டாம். அது நகரத் தொடங்கும்போது உங்கள் நைட் முடிந்திருக்கும். அவர்களுக்குக் குட்டித் தூக்கம்தான் வழி.

#9 எமர்ஜென்சி_பிரதர்

கறுப்புக் கண்ணாடி பற்றி ஒரு எச்சரிக்கை. வண்டி ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து அதைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். ஏற்கெனவே தூக்கக் கலக்கம். அதில் வெளிச்சத்தையும் குறைத்தால் இன்னும் சொக்கும். யாராவது கூட்டிக்கொண்டு போனால், அல்லது பஸ்ஸில் போனால் மட்டும் போடுங்கள்.

எமர்ஜென்சியில் இருப்பதால் காலை எட்டு, ஒன்பது மணி விபத்துகளை நிறையப் பார்க்கிறேன், அதில் நம் ஆட்களும் வருகிறார்கள். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். டாசன், ரீட் என்ற இருவர் 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் ஆனால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். பல நாடுகளில் அந்த அளவில் வண்டி எடுத்தால் குற்றம். முதல் நைட் அன்று காலை ஏழுக்கு எழுந்து, பகலில் தூங்காமல் டூட்டிக்கு வந்தவர், மறுநாள் காலை எட்டுக்கு வண்டிச் சாவியை எடுக்கும்போது 25 மணி நேரமாக விழித்திருக்கிறார்.

கார் கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டுப் போடுவதும் தூக்கத்தை விரட்டாது. சில விநாடி கண் மூடித் திறந்ததே நமக்குத் தெரியாமல் போய்விடும். "எப்படி இந்த சிக்னலைத் தாண்டினேன்" என்று ஒரு நாள் தோன்றினால் அதுவே அபாய மணி. எங்கள் பிரிவில் கிளம்பும் முன் ஓய்வறையில் இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதை யாரும் கேலி செய்யவிடுவதில்லை.

#10 வார்டு_ஏழு

பிரதர், முதல் நைட்டுக்கு முந்தின பகலில் தூங்குவது எனக்கு வரவே வராது. அதனால் முந்தின இரவே விழித்திருந்து பழக்கிக்கொள்வேன். இது தவறா?

#11 உடலியங்கியல்_டீச்சர்

நிறையப் பேர் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனைச் செவிலியர்களிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், நைட் பார்ப்பவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இப்படி முழு நாள் வரை தூங்காமல் இருந்துதான் நைட்டுக்கு மாறுகிறார்கள் என்று தெரிந்தது. நைட்டோடு மிக மோசமாக ஒத்துப்போனவர்களும் அவர்களே. அதற்குப் பதில் முந்தின இரவு வழக்கம்போல் தூங்குங்கள், காலையில் அலாரம் இல்லாமல் எழுங்கள், மதியம் இரண்டு, மூன்று மணிக்கு அறையை இருட்டாக்கி ஒன்றரை மணி நேரம் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் படுத்திருங்கள், பல நாள் கழித்துப் பழகிவிடும்.

#12 இரண்டு_பிள்ளை_அம்மா

எல்லாம் படித்தேன். நல்ல விஷயங்கள். ஆனால் என் வீட்டு நிலைமை இதில் எங்கும் இல்லை.

நான் காலையில் வந்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். சின்னவனுக்கு மூன்று வயது, மதியம் வந்துவிடுவான். மாமியார் நல்லவர்தான், ஆனால் அரை மணிக்கு ஒரு தரம் ஏதாவது கேட்கக் கதவைத் திறப்பார். நான் வீட்டில் இருக்கிறேன் என்றால் நான் கையில் கிடைப்பேன் என்று அர்த்தம். வெளியில் இருப்பவர்கள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். "பகலில் வீட்டில்தானே இருக்கிறாய், கொஞ்சம் இதைப் பார்த்துக்கொள்" என்று எத்தனை பேர். இரவு இரண்டு மணிக்கு அவர்களை எழுப்பி ஒரு வேலை சொன்னால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கறுப்புத் தாள் ஒட்டுவது எனக்கு எளிது. கதவை மூடியே வைப்பதுதான் முடியவில்லை.

#13 மூத்த_சிஸ்டர்

இதுதான் உண்மையான பிரச்சினை, தங்கச்சி. நான் எழுதியது எல்லாம் இதற்குப் பிறகுதான் வரும். நைட் பார்க்கும் பெண்ணின் தூக்கத்தை எல்லா வீட்டிலும் மிச்சமிருக்கும் நேரமாகவே வைத்திருக்கிறார்கள். எல்லா வேலையும் முடிந்தபின் ஏதாவது மீந்தால் அது அவளுக்கு.

பொதுவாக "எனக்குத் தூக்கம் வேண்டும்" என்று சொன்னால் எடுபடாது. நேரத்தைச் சொல்ல வேண்டும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை. ரோஸ்டரைச் சமையலறையில் ஒட்டி, அந்த நேரத்தை வண்ணம் போட்டுக் காட்டுங்கள். எதற்கெல்லாம் எழுப்பலாம் என்று மாமியாருடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்: பிள்ளைக்குக் காய்ச்சல், அடிபட்டது, இப்படி. மற்றதை ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், எழுந்ததும் பார்க்கலாம். நீங்கள் கோபப்பட்டு அவரைத் தடுக்க வேண்டியதில்லை, கேட்க வேண்டியதை வைக்க ஓர் இடம் கொடுத்தாலே போதும்.

#14 செவிலியரின்_கணவர்

இங்கே நான் எழுதலாமா தெரியவில்லை. மனைவி நைட் பார்க்கிறார். இரண்டு_பிள்ளை_அம்மா எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் காலை வேலை முழுக்க என்னுடையது. பிள்ளைகளை எழுப்புவது, கிளப்புவது, கொண்டுவிடுவது எல்லாம் அவர் வருவதற்குள் முடிந்திருக்கும். அழைப்பு மணியின் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். கூரியருக்கும் மற்றவர்களுக்கும் என் எண். அவருடைய போனில் என் எண்ணும் பள்ளியின் எண்ணும் மட்டும் ஒலிக்கும்படி வைத்திருக்கிறோம். உறவினர்களிடம் நானே சொல்லிவிட்டேன், சாயங்காலம் ஐந்துக்கு மேல் கூப்பிடுங்கள் என்று. அவர் சொன்னால் பெருமை என்பார்கள், நான் சொன்னதால் கேட்டுக்கொண்டார்கள். அது நியாயமில்லை. ஆனால் பலன் இருப்பதால் சொல்கிறேன். கணவர்களே, இதை அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துச் செய்யுங்கள்.

#15 இரண்டு_பிள்ளை_அம்மா

நன்றி. இந்தப் பதிவை அப்படியே என் கணவருக்கு அனுப்பிவிட்டேன்.

#16 பேறுகால_வார்டு

டூட்டியில் கண்ணயர்வது பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் மருத்துவமனையில் இடைவேளையில் தலை சாய்த்தாலே மெமோ. முன்பு ஒருவர் தன் இடைவேளையில், தன் படுக்கைகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் சாய்ந்தார். அதற்கும் விளக்கம் கேட்டார்கள். நோயாளியை விட்டுவிட்டுத் தூங்குவதையும் இடைவேளையில் ஓய்வெடுப்பதையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள்.

#17 எமர்ஜென்சி_பிரதர்

நான் இதில் நிர்வாகத்தின் பக்கம் கொஞ்சம் நியாயம் பார்க்கிறேன். ஆள் போதாத வார்டில் ஒருவர் தூங்கினால் மற்றவர் எத்தனை படுக்கையைப் பார்ப்பார்? அதோடு, எழுந்த உடனே ஒரு மந்தம் இருக்குமே, அந்த நேரத்தில் கோட் ப்ளூ, அதாவது நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டது என்ற அவசர அழைப்பு, வந்தால்?

#18 நிரந்தர_நைட்

பிரதர், மந்தம் உண்மைதான். அதற்காகத்தான் நேரத்தை அளந்து தூங்க வேண்டும். இருபது நிமிடத்துக்குள் எழுந்தால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருக்க மாட்டோம், மந்தம் குறைவு. முக்கால் மணி, ஒரு மணி நேரம் தூங்கி நடுவில் எழுப்பினால்தான் தலை கனக்கும். எழுந்தபின் பத்து, பதினைந்து நிமிடம் மருந்து கலக்கும் வேலைக்குப் போகாமல், முகம் கழுவி, வெளிச்சத்தில் நின்று, பிறகு படுக்கைக்குப் போவது என்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் 16 மணி நேர நைட் பார்க்கும் செவிலியர்களுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் வரை தூங்க நேரம் ஒதுக்குவது பரவலான வழக்கம். 16 மணி நேர ஷிஃப்ட் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தூக்கத்தை அங்கே ரோஸ்டரிலேயே எழுதுகிறார்கள், ஒளித்துத் தூங்க வேண்டியதில்லை.

ஆள் போதவில்லை என்றால் அது ஆள் போட வேண்டிய பிரச்சினை. அதைச் செவிலியரின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

#19 எமர்ஜென்சி_பிரதர்

கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். அளந்த இருபது நிமிடமும் யார் யாருக்குப் பதில் நிற்பது என்ற பட்டியலும் இருந்தால் எனக்கு எதிர்ப்பில்லை.

#20 வார்டு_ஏழு

மாத்திரை பற்றி? நான் இரண்டு நைட்டுக்கு ஒரு தடவை அலர்ஜி மாத்திரை போட்டுத் தூங்குகிறேன். காபி இல்லாமலும் ஓட்ட முடிவதில்லை, ஐந்து மணிக்குக்கூடக் குடிக்கிறேன்.

#21 உடலியங்கியல்_டீச்சர்

முதலில் காபி. கஃபீன் அடினோசின் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதனால் தூக்க அழுத்தம் தெரியாது. குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குடித்ததில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்தாறு மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் நீளும். ஐந்து மணிக் காபியில் பாதி, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. டூட்டியின் முதல் பாதியில் குடியுங்கள், இரண்டு, மூன்று மணியோடு நிறுத்துங்கள்.

தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளின் மந்தம் அடுத்த டூட்டி வரை இழுக்கும், தொடர்ந்து போட்டால் பலனும் குறையும். மற்ற தூக்க மாத்திரைகளில் பழக்கமாகிவிடும் அபாயம் உண்டு. மருந்து அலமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நமக்கு இது இரட்டை ஆபத்து. மெலடோனின் சிலருக்கு உதவுகிறது, ஆனால் எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பது முக்கியம். தவறான நேரத்தில் எடுத்தால் கடிகாரம் எதிர்த் திசையில் நகரும். இவை எல்லாம் மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

பகலில் தூங்க முடியாமல், டூட்டியில் தூங்கி வழிந்து, இது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை ஷிஃப்ட் வேலைத் தூக்கக் கோளாறு என்றே மருத்துவம் வகைப்படுத்துகிறது. மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பை எடுத்துப் போங்கள்: எப்போது படுத்தது, எப்போது விழித்தது, எந்த ஷிஃப்ட், காபி எப்போது. குறட்டை, மூச்சு நின்று திணறி எழுவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். படுத்தால் கால் குறுகுறுத்து அசைக்கத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவு பின்னால் இருக்கலாம். நைட் மேல் பழியைப் போட்டு இவற்றைக் கவனிக்காமல் விட்டவர்கள் நிறைய.

#22 பேறுகால_வார்டு

நைட் பார்த்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா? படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

#23 உடலியங்கியல்_டீச்சர்

நடந்தது இது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து, நைட் ஷிஃப்ட் வேலை என்று குறிப்பிட்டு அதே பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறது, ஒருவருக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. 1976-ல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், 2001-ல் வந்த முடிவின்படி, சுழற்சி நைட்டை 30 வருடத்துக்கு மேல் பார்த்தவர்களிடம்தான் கூடுதல் அபாயம் தெளிவாகத் தெரிந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. பயந்து தூக்கத்தை இழக்க வேண்டாம். வயதுக்கேற்ற பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள், அது போதும்.

நடு இரவில் பெரிய சாப்பாட்டைத் தவிர்ப்பது நல்லது என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நைட் வேலைபோல் அமைத்து 2021-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை.

#24 ஐசியு_இரவு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மதியம் இரண்டாவது தடவை தூங்குவதைத் தொடங்கியிருக்கிறேன், வித்தியாசம் தெரிகிறது. ஆனால் இந்த இழையைத் திரும்பப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. திரைச்சீலை, காபி, காதடைப்பான் என்று நாங்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்தாலும், ஈவினிங் முடித்துப் பத்து மணிக்குப் போனவரை மறுநாள் காலை ஏழுக்கு வரச் சொல்லும் ரோஸ்டர் இருக்கும்வரை எதுவும் நிற்காது. அதனால் எங்கள் வார்டு சிஸ்டர்கள் சேர்ந்து நர்சிங் சூப்பிரண்டெண்டுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்பிற்குரிய மேடம், அதிகாலை மூன்று முதல் ஆறு மணி வரை மருந்து சரிபார்ப்பில் கவனம் குறைவதை நாங்கள் அனைவரும் உணர்கிறோம். நோயாளிகளின் பாதுகாப்புக்காகக் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுக்கொள்கிறோம். இரு ஷிஃப்டுகளுக்கு இடையில் குறைந்தது 11 மணி நேர ஓய்வு. ஷிஃப்ட் மாற்றம் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கி மட்டும். நைட் முடிந்த நாளை ஆஃப் நாளாகக் கணக்கிடாமல் இருத்தல். இடைவேளையில் மாற்று ஆளுடன் இருபது நிமிட ஓய்வு, அதற்கு ஓர் அறை. நைட் முடித்தவர்களைப் பகல் கூட்டங்களுக்கும் வகுப்புகளுக்கும் அழைக்காதிருத்தல்."

#25 மூத்த_சிஸ்டர்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நோயாளி பாதுகாப்பில் தொடங்கியது சரி. 11 மணி நேரத்துக்கு ஓர் ஆதாரம் சேருங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலை நேரச் சட்டத்தில் அது இருக்கிறது. நைட் முடித்த நாளை ஆஃபாக எழுதுவது பல இடங்களில் நடக்கிறது, அந்த வரியை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள்.

#26 உடலியங்கியல்_டீச்சர்

இன்னும் இரண்டு சேர்க்கலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு இரவு வேலை உடன்படிக்கை, 171-ஆவது எண், நைட் பார்ப்பவர் கேட்டால் கட்டணமில்லாத உடல்நலப் பரிசோதனை தர வேண்டும் என்கிறது. பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாகக் குறைந்தது 16 வாரம் நைட்டுக்கு மாற்று ஏற்பாடும் அதில் உண்டு. உங்கள் நாடு கையெழுத்திடாவிட்டாலும் நல்ல நடைமுறை என்று மேற்கோள் காட்டலாம்.

#27 பேறுகால_வார்டு

கடைசியில், "மூன்று மாதம் சோதனை முறையில் எங்கள் வார்டில் மட்டும் செய்து பார்க்க அனுமதியுங்கள், மருந்துப் பிழை அறிக்கைகளை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்று போடுங்கள். முழு மருத்துவமனைக்கும் கேட்டால் மறுத்துவிடுவார்கள், ஒரு வார்டுக்குச் சரி என்பார்கள். நானும் இதே கடிதத்தை எங்கள் வார்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

#28 ஐசியு_இரவு

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லோரும் சொன்னதைச் சேர்த்துவிட்டேன். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பகல் ஷிஃப்ட் சிஸ்டர்கள் மூன்று பேரும் அதில் உண்டு. திங்கள்கிழமை கொடுக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.